சி70 சூடானதும் நின்றுவிடுகிறது. வேலை பார்க்க நேரமும் இல்லை

சிப்புட் ஆலைக்காரன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை எனக்கு. அப்பா பால்மரம் (ரப்பர்) சீவப் போய்வந்த ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் கோழிக்கூண்டை ஒட்டிக் கிடந்தது, வெளியே இழுத்துவிட்டேன். பின்னால் அவர் பற்றவைத்த கம்பி கேரியர், பால் வாளி உரசிய தழும்போடு அப்படியே இருக்கிறது. கிக் அடித்தால் என்ஜின் பிடிக்கிறது. கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடும், ஆறினால் மறுபடி பிடிக்கும். கார்புரேட்டர் ஜெட் ஊதியாகிவிட்டது, பிளக்கும் புதுசு. டவுன் பட்டறையில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றி சிடிஐ (பாயிண்ட் இல்லாத மின்னணுப் பற்றவைப்பு) போடச் சொல்கிறார்கள். வேண்டுமா?

ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூக்கம். பகல் ஷிப்ட் என்றால் சாயங்காலம் மகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்கணும். ஹோண்டாவா குடும்பமா என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை, கேட்கப்போகிற முகம் மட்டும் தெரிகிறது.

ஈப்போ பட்டறை:
தம்பி, கார்புரேட்டரை விடுங்கள். அடுத்த தடவை நின்றதும் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திவிட்டால் சரி. இழுக்கவில்லை என்றால் சூட்டோடு பிளக்கைக் கழற்றி, துளையை விட்டுத் தள்ளி ஹெட்டில் ஒட்டி வைத்துக் கிக் அடியுங்கள். பொறி மஞ்சளாக, மெலிசாக வந்தால் கோளாறு கண்டென்சரில் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன மின்பாகம்) அல்லது காயிலில் (பொறிக்கு மின்சாரம் கூட்டும் சுருள்). பிளைவீல் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) சன்னல் வழியே பாயிண்ட்டைப் பாருங்கள், திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை அதுதான். வாய் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் என் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பிளைவீலில் உள்ள 'எஃப்' குறி கேஸ் குறியோடு சேரும் இடத்தில் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும். பிளைவீலைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுத்தான் கழற்றணும், சுத்தியல் பக்கமே போகாதீர்கள். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பார்க்கணும்.

கங்சார் ஆறுவோல்ட்:
சின்னக் கோளாறுக்கு சிடிஐ எதற்கு? 6 வோல்ட்டில் என்ஜின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்கத்தான் செய்யும், அது அந்த வண்டியின் குணம். ஆனால் ராத்திரி தோட்டத்துச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் 12க்கே போய்விடுங்கள். செம்பனை நிழலில் மாடு படுத்திருந்தால் 6 வோல்ட் வெளிச்சத்தில் முட்டிய பிறகுதான் தெரியும். பெயிண்டுக்குச் செலவு பண்ணும் முன் கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) உள்ள என்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்றா பாருங்கள். கிராண்ட் யார் பெயரில்?

மூன்று பிள்ளை அம்மா:
நேரம் இல்லை என்று சொன்னதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே! என் வீட்டுக்காரரிடம் பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. எங்கள் வீட்டு ஏற்பாடு, திறந்த வேலையை அன்றைக்கே மூடணும். முழு வண்டியையும் பிரித்துப் பரப்பினால் நீங்கள் சேர்ப்பதற்குள் மகள் பெரிய பரீட்சையே எழுதிவிடுவாள். கழற்றியதெல்லாம் பிஸ்கட் டின்னில் போகணும், டின் மேல் எந்தப் பாகம் என்று எழுதணும். சமையலறை சிங்க்கில் எண்ணெய்க் கை படக் கூடாது (இதற்கு மட்டும் எங்கள் வீட்டில் மன்னிப்பே கிடையாது). ராத்திரி ஷிப்ட் வாரத்தில் வண்டியைத் தொடாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் நட்டுதான் தொலையும். டியூஷனில் விட்டுத் திரும்பக் கூப்பிடப் போகும் வரைக்கும் உள்ள நேரம் பாயிண்ட் வேலைக்குப் போதும். பளபளப்பெல்லாம் அப்புறம், முதலில் ஓடட்டும். அந்த முகமும் ஒரு ரவுண்டு பின்னால் உட்கார்ந்து போனால் மாறும்.

சிப்புட் ஆலைக்காரன்:
மூடி காற்றை இழுக்கவில்லை. பொறி மஞ்சள்தான், பாயிண்ட் வாயும் கருகியிருக்கிறது. பாயிண்ட், கண்டென்சர் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். கிராண்ட் அப்பா பெயரில், நம்பரும் சரியாக இருக்கிறது. 12 வோல்ட் என்று வாயெடுத்ததுமே அப்பா, "அப்படின்னா வேற வண்டி வாங்கிக்கோ" என்றுவிட்டார். அதனால் 6தான், பகலில் மட்டும் ஓட்டுகிறேன். அக்கா சொன்ன டின் யோசனைக்கு வீட்டில் உடனே சம்மதம், இரண்டு காலி டின்னும் கைக்கு வந்துவிட்டது. ஈப்போ அண்ணே, 6 வோல்ட் ஹெட்லைட் பல்பு இன்னும் அங்கே கடைகளில் கிடைக்கிறதா?