பின்னணியை நீட்டியது யாருக்கும் தெரியாதாம்!

நிழற்குடை: வேறோர் இழையில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார்: "பின்னணி போதவில்லையா? ஃபோட்டோஷாப்பில் கிராப் சட்டத்தை வெளியே இழுத்து ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்ட் கொடுங்கள், காலி இடத்தை ஏஐயே வரைந்து நிரப்பிவிடும். ஒட்டு எங்கே என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது." அவர் போட்ட படத்தையே 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்கச் சுவரில் நாய்ஸ், அதாவது கேமரா விடும் மணல் மாதிரிப் புள்ளிகள், பொடிப்பொடியாகத் தெரிகிறது. நீட்டிய பகுதியோ மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கிறது. ஜன்னல் கம்பி அந்த எல்லையைத் தாண்டியதும் தடித்துவிடுகிறது. இதுதான் யாருக்கும் தெரியாத லட்சணமா?

வெண்திரை: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லி எழுதத் தயக்கமா? படத்தை 200 சதவீதத்தில் பார்ப்பவர் படம் பார்க்க வரவில்லை, குற்றம் பார்க்க வந்திருக்கிறார்.

நிழற்குடை: கம்பியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, கவனித்தேன். நாய்ஸ் பற்றியும் இல்லை.

ஓரப்பார்வை: இதற்கு ஏன் சண்டை? நீட்டிய பகுதி தனி லேயராகத்தான் (அடுக்காகத்தான்) வருகிறது. அதன்மேல் ஆட் நாய்ஸ் வடிகட்டியைக் காசியன் (இயல்பாகச் சிதறும் புள்ளிகள்), மோனோகுரோமாட்டிக் (நிறம் சேராத புள்ளிகள்) என்று வைத்து ஒன்றிரண்டு சதவீதம் தூவினால் தீர்ந்தது.

நிழற்குடை: தீரவில்லை. கேமரா நாய்ஸ் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தெரியாது. நிழலில் தூக்கலாகத் தெரியும், வெளிச்சத்தில் அடங்கிவிடும். நீங்கள் தூவுவது எங்கும் ஒரே சீராக விழும். இன்னொன்று: 2023இல் இந்த வசதி வந்தபோது ஒரு தடவைக்கு 1024 பிக்சல் அளவுக்குத்தான் உருவாக்கியது, இடம் அதைவிடப் பெரிது என்றால் அதையே இழுத்துப் பரப்பியது. 6000 பிக்சல் படத்தில் பாதியை ஒரே இழுப்பில் நீட்டினால் மழுங்காமல் என்ன செய்யும்? துண்டுதுண்டாக நீட்டும் பொறுமை வேண்டும். அது நம் நண்பரிடம் கிடையாது.

வெண்திரை: பொறுமையைப் பற்றி யார் பேசுவது! தொடுவானம் சாய்ந்த கடல் படத்தை "கலைப்பார்வை" என்று போன மாதம் இங்கே விற்கப் பார்த்தவரா?

நிழற்குடை: அது வேண்டுமென்றே சாய்த்தது. அதில் நாய்ஸ் ஓரத்துக்கு ஓரம் ஒரே மாதிரி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டற்றவன்: மாதாமாதம் சந்தா கட்டிவிட்டு மெழுகுக்கு அழுகிறீர்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ரீசிந்தசைசர் செருகுநிரலைப் போடுங்கள். படத்தில் இருப்பதையே எடுத்து நிரப்பும். நாய்ஸ் தானாகவே ஒத்துப்போகும்.

நிழற்குடை: ஒத்துப்போகும், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றா சொன்னேன்? ஆனால் ஒரே விரிசல் சுவரில் மூன்று இடத்தில் முளைக்கும். ஃபோட்டோஷாப்பில் 2010இல் வந்த, சுற்றியிருப்பதை வைத்து நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில்லிலும் இதே கதைதான்.

ஓரப்பார்வை: அப்படியானால் கன்டென்ட் அவேர் ஸ்கேல்? அதற்கு அடிப்படையாக அவிதானும் ஷமீரும் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். விவரம் குறைந்த இடமாகத் தேடி, அங்குள்ள பிக்சல் வரிசையைப் பெருக்குகிற முறை. ஆளை ஆல்ஃபா சேனலில் (தேர்ந்த பகுதியைச் சேமிக்கும் இடத்தில்) காப்பாற்றிவிட்டால் முகம் அகலமாகிவிடாது.

வெண்திரை: கட்டுரை படித்தவருக்கு வணக்கம். படம் எடுத்ததுண்டா?

மூத்த கேமரா: நீட்டுவதே பொய் என்கிறேன். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் கிடைமட்டப் படம் ஒன்றை நெடுக்கு அட்டையில் அடக்குவதற்காகக் கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்தது. இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

நிழற்குடை: ஐயா, அது நெருக்கியது, இங்கே பேச்சு நீட்டுவதைப் பற்றி. நீட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நாய்ஸ் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

மூத்த கேமரா: உங்களுக்கு அது மட்டும்தான் கேள்வி.

வெண்திரை: சரி, இதே படத்தைச் சிறிதாக்கி மறுபடி போட்டிருக்கிறேன். இப்போது காட்டுங்கள் ஒட்டை.

நிழற்குடை: 1200 பிக்சலுக்குச் சுருக்கினால் என் நாய்ஸும் தெரியாது, உங்கள் மெழுகும் தெரியாது. முழு அளவில் போடுங்கள்.

வெண்திரை: உங்களுக்காக நான் ஏன் போட வேண்டும்?

கட்டற்றவன்: விரிசல் மூன்று இடத்தில் முளைத்தது என்றாரே, எந்தப் பதிப்பில் என்று இன்னும் சொல்லவில்லை. மாதிரி எடுக்கும் சுற்றளவைக் குறைத்துப் பார்த்தாரா?

நிழற்குடை: குறைத்தும் பார்த்தாயிற்று, கூட்டியும் பார்த்தாயிற்று. கம்பிக்கு இன்னும் பதில் வரவில்லை.