தனிக் கிட்டாரில் குரல் பாட்டு: இசையா, நினைவூட்டலா?

மெட்டுப்பித்தன்:
ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களாலேயே தந்திகளை மீட்டும் கிட்டார் பாணி) ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, மெட்டு, பேஸ் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரங்கள்), தாளம் மூன்றையும் ஒரே கிட்டாரில் வாசிப்பவருக்கு விழும் கைதட்டலில் பாதி அந்தப் பாட்டுக்கு உரியது. முதல் வரி காதில் விழுந்ததுமே கேட்பவர் மனத்துக்குள் பாட ஆரம்பித்துவிடுகிறார். சொல்லும் அவருடையது, குரலும் அவருடையது. கிட்டார் அடியெடுத்துக் கொடுப்பதோடு சரி. அந்தப் பாட்டையே அறியாத ஒருவருக்கு இதே வாசிப்பைப் போட்டுக் காட்டுங்கள், இரண்டாவது நிமிடத்தில் எழுந்துபோய்விடுவார். மீதிப் பாதிக் கைதட்டல் வித்தைக்கு: கிட்டாரின் உடம்பைத் தட்டுவது, மேலிருந்து கையைக் கொண்டுவந்து தந்தியை அடிப்பது, இன்ன பிற. பேஸ் வேண்டுமென்றால் ஒரு பேஸ் கலைஞரை அழைத்துக்கொள்ளலாமே?

ஆறாம் தந்தி:
எழுந்துபோய்விடுவார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இசையமைப்பாளர் பாக் எழுதிய சக்கோன் என்ற உருப்படி தனி வயலினுக்கானது. 1935-இல் ஸ்பானியக் கிட்டார் கலைஞர் செகோவியா அதைப் பாரிஸ் மேடையில் கிட்டாரில் வாசித்தார். வயலின் வடிவத்தைக் கேட்டிராமலேயே அந்தக் கிட்டார் வடிவத்தில் மூழ்கிப்போனவர்களில் நானும் ஒருவன். ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸின் ‘அஸ்தூரியாஸ்’ பியானோவுக்கு எழுதப்பட்டது. இன்று அதைக் கிட்டாருக்கென்றே பிறந்த உருப்படி என்று நினைப்பவர்கள் ஏராளம். மூலத்தை நினைவூட்டித்தான் இவை பிழைக்க வேண்டும் என்றால், மூலமே தெரியாதவரிடம் எப்படி நிற்கின்றன?

பேஸ் கலைஞரை அழைப்பது பற்றி ஒரு சொல். அதே சக்கோனை இசையமைப்பாளர் பிராம்ஸ் 1877-இல் பியானோவுக்கு மாற்றியபோது இடக்கைக்கு மட்டுமே எழுதினார். அவருக்கு வலக்கை இல்லாமல் போய்விடவில்லை. நான்கு தந்தியில் வயலின்காரர் படும் நெருக்கடியைப் பியானோக்காரரும் பட வேண்டும் என்று விரும்பினார். ஆள் கூட்டிவிட்டால் இந்த நெருக்கடி போய்விடும், அதோடு அது கொடுக்கும் சுவையும் போய்விடும்.

மெட்டுப்பித்தன்:
இரண்டு எடுத்துக்காட்டும் கருவியிலிருந்து கருவிக்குப் போனவை. நான் பேசியது குரல் பாட்டைப் பற்றி. ஒரு பாட்டில் மூன்று சரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மெட்டு ஒன்றே. முதல் சரணத்தில் காத்திருக்கிறாள், இரண்டாவதில் கடிதம் வருகிறது, மூன்றாவதில் அழுகிறாள். பாடகர் அதே மெட்டை மூன்று விதமாகப் பாடுவதற்குச் சொல்தான் காரணம். சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே சரணம், மூன்று தடவை. பாக்கிடம் இந்தத் தொல்லை கிடையாது.

ஆறாம் தந்தி:
இப்போதுதான் விவாதம் சூடுபிடிக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த மூன்றாவது சரணத்தில்தான் நல்ல வாசிப்பும் சாதாரண வாசிப்பும் பிரிகின்றன. சாதாரணமாக வாசிப்பவர் மூன்று தடவையும் அதையே வாசிப்பார், சலிப்பு தட்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நன்றாக வாசிப்பவர் இரண்டாவது முறை மெட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்குகிறார். மூன்றாவது முறை அடியில் இருக்கும் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தை) மாற்றுகிறார். மெட்டு அதேதான், ஆனால் நிறம் இருண்டுவிடுகிறது. இல்லையென்றால் கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேரே விரலைப் பட்டும் படாமலும் வைத்து ஹார்மானிக் எனப்படும் மணி போன்ற ஒலியில் ஒரு வரியை முடிக்கிறார்.

நீண்ட சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் ஒரு சுரத்தை நிறுத்தி, நடுவில் பெருக்கி, கடைசியில் தேயவிடலாம். கிட்டாரில் தந்தியை மீட்டிய கணத்திலேயே ஒலி உச்சம் தொட்டுவிடுகிறது, பிறகு இறக்கம் மட்டுமே. தந்தியை வளைத்தால் சுருதி ஏறும். இறக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வளைத்துவைத்து, மீட்டிய பிறகு தளர்த்த வேண்டும். இத்தனையும் நடக்கும்போது மற்ற விரல்கள் கார்டை விடக் கூடாது. ஆகவே பாடகர் நீட்டும் ஒவ்வோர் இடத்திலும் கிட்டார் கலைஞர் ஏதாவது முடிவெடுத்தாக வேண்டும். அதே சுரத்தை மறுபடி மீட்டலாம். உள் தந்திகளில் கார்டைப் பிரித்து ஓடவிட்டு, தேய்ந்துபோன சுரம் இன்னும் ஒலிப்பதாகக் காதை நம்பவைக்கலாம். ஒன்றுமே செய்யாமல் விட்டும் விடலாம். மூன்றாவதைச் செய்யத் துணிச்சல் வேண்டும், அதனால்தானோ என்னவோ அரிதாகக் கேட்கிறோம்.

கட்டைவிரல்:
வாசிப்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். எல்லோரும் விரல்களையே பார்க்கிறீர்கள், கட்டைவிரலைப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பாணியில் அது இரண்டு மூன்று பேஸ் தந்திகளுக்கிடையே மாறி மாறி, எண்ணிக்கை தவறாமல் நடக்க வேண்டும். மேலே மெட்டோ எண்ணிக்கைக்கு நடுவில் விழும். புதிதாகப் பழகுபவருக்கு ஆள்காட்டி விரல் மெட்டைத் தொட்ட உடனே கட்டைவிரலும் அதோடு சேர்ந்து குதித்துவிடும். பேஸ் அங்கேயே நொண்டும். இரண்டும் பிரிய மாதக்கணக்கில் ஆகும்.

டிராவிஸ் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே வாசித்தார். அவரை வானொலியில் கேட்ட இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் இவ்வளவு ஒலிக்கு இன்னும் நிறைய விரல் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, கூடுதல் விரல்களோடு தனக்கென்று ஒரு பாணியையே அமைத்துவிட்டார். எலிசபெத் காட்டன் இடக்கைப் பழக்கமுள்ளவர். வலக்கைக்காரர்களுக்குத் தந்தி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். பேஸ் விரல்களுக்குப் போனது, மெட்டு கட்டைவிரலுக்கு வந்தது. இவற்றையெல்லாம் வித்தை என்று ஒதுக்கினால் பாணி என்று எதைச் சொல்வது?

கண்மூடிக் கேட்பவர்:
எனக்கு ஒரே குறை. இப்போது வரும் காணொளிகளில் எதிரொலியை அள்ளிக் கொட்டுகிறார்கள். ஒரு தந்தி அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் வழிகிறது. மேலே சொன்ன அந்த நுட்பமான முடிவுகள் ஒன்றும் காதில் விழுவதில்லை. பேஸ் சுரம் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறது என்று தெரியாத பதிவை வைத்துக்கொண்டு வாசிப்பை எடைபோட முடியாது. ஒரு மைக், ஓர் அறை போதும்.

மெட்டுப்பித்தன்:
கண்மூடிக் கேட்பவர் சொன்னது சரி. அந்த வழிசலை நீக்கிவிட்டால் பல வாசிப்புகள் மெலிந்து கிடக்கும். கட்டைவிரல் ஐயா, உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடினம் என்பது தகுதி ஆகாது. இவ்வளவு திறமை இருப்பவர்கள் சொந்த உருப்படி எழுதலாமே? தெரிந்த பாட்டுக்கே கூட்டம் சேருகிறது என்பதால்தானே அதையே வாசிக்கிறார்கள்?

கட்டைவிரல்:
எழுதாமலா இருக்கிறார்கள்? மைக்கேல் ஹெட்ஜஸ் 1980-களிலேயே சுருதியை விதவிதமாக மாற்றிக் கூட்டி, இடக்கையால் தந்தியைத் தட்டி, சொந்த உருப்படிகளை வாசித்தவர். 2006-இல் இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்த ஆண்டி மெக்கீயின் காணொளியும் அவருடைய சொந்த உருப்படிதான். நீங்கள் குறை சொன்ன அதே தட்டல், அதே மேலிருந்து வரும் கை. கேட்டவர்களுக்கு அதற்கு முன் அந்த மெட்டு தெரியாது. நினைவூட்ட அங்கே என்ன இருந்தது?

மெட்டுப்பித்தன்:
அது என் கட்சிக்கு வந்த சாட்சி. அந்த உருப்படிக்குச் சொல் தொடக்கத்திலிருந்தே இல்லை, அதனால் எதையும் அது இழக்கவில்லை. அதை நானும் உட்கார்ந்து கேட்பேன். அழுகிற மூன்றாவது சரணத்துக்குக் கார்டை மாற்றினால் போதும் என்கிறார் ஆறாம் தந்தி. நிறம் இருண்டது சரி, கடிதம் எங்கே போயிற்று?

ஆறாம் தந்தி:
கடிதம் போய்விட்டது, ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அந்தப் பாட்டைக் கடிதத்துக்காகக் கேட்பவர்கள் பாடகரிடம் போகட்டும். எனக்கு அந்த மெட்டுக்கு அடியில் பேஸ் எப்படி இறங்குகிறது என்று தெரிய வேண்டியிருக்கிறது. குரல் மேலே இருக்கும்வரை அது காதில் விழவே இல்லை.