புதுப்பிப்பு: கேம்பர் வேனை வெளி மின்சாரத்தில் செருகினால் ஆர்சிசிபி டிரிப் – காரணம் வாட்டர் ஹீட்டர் எலிமென்ட்

இந்தச் சிக்கலை முன்பு இங்கே கேட்டபோது யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிக்கல் தீர்ந்துவிட்டது.

வெளி இணைப்பில் ஏசியை ஓடவிட்டதும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. வாட்டர் ஹீட்டருக்கான எம்சிபியை (லோடு அதிகமானால் விழும் சர்க்யூட் பிரேக்கர்) அணைத்தாலும் அதேதான். கேபிள், பிளக் மாற்றியும் பலனில்லை. கைகொடுத்தது, "எம்சிபியை நம்பாமல் எலிமென்டின் இரண்டு வயரையும் கழற்றிப் பாருங்கள்" என்ற யோசனை. கழற்றியதும் நின்றது.

எதிர்பாராத விஷயம் இங்கேதான். ஒற்றை முனை எம்சிபி ஃபேஸை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல் எலிமென்டோடு சேர்ந்தே இருக்கும். எலிமென்ட் உறை விரிசல்விட்டு ஈரம் ஏறினால் நியூட்ரலிலிருந்து எர்த்துக்குக் கசிவு உண்டாகும். பிறகு வேனில் எது ஓடினாலும், திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போகும், ஆர்சிசிபி விழும். அது சரியாகத்தான் வேலை செய்கிறது, தயவுசெய்து பைபாஸ் செய்யாதீர்கள்.

மல்டிமீட்டர் இந்தக் கசிவைக் காட்டாமல் போகலாம். பிளக்கை உருவி, வயர்களைக் கழற்றி, எலிமென்ட் முனைக்கும் டேங்க் உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எலிமென்டை மாற்றுங்கள். கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். கூடவே நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை முனை எம்சிபி போட்டாயிற்று. டேங்க் நிரம்பிய பிறகே ஸ்விட்ச் போடுங்கள், வெறும் டேங்கில் புது எலிமென்ட் எரிந்துவிடும்.