கிளப் பாரும் கவுன்சில் கடிதமும்: லண்டன்காரர் அனுபவங்கள்

கடைக்காரன், ஹரோ:

ஒஃப் லைசென்ஸ் கடை, அதாவது வீட்டுக்குக் கொண்டுபோகக் குடிவகை விற்கும் கடை, நடத்தும் நம்மவர்களுக்குக் குடிவகைச் சட்டம் தலைகீழ்ப் பாடம். யாருக்கு விற்கலாம், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எந்த ஐடியை நம்பலாம் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வோம். அதே ஆட்கள் ஒரு விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் குழுவுக்குள் போனதும் "இது எங்கட கிளப்தானே" என்று கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். எங்கள் பகுதிக் கழகம் ஒன்றுக்கு இப்படித்தான் கவுன்சிலிலிருந்து ரிவியூ கடிதம், அதாவது குடிவகை அனுமதியை மீளாய்வு செய்யப்போகிறோம் என்ற கடிதம், வந்தது. லைசென்ஸ் விஷயம் தெரிந்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். கண்டதைச் சொல்கிறேன், உங்களிடமும் கதை இருந்தால் எழுதுங்கள்.

முதலில் அடிப்படை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 லைசென்சிங் சட்டம்தான் எல்லாவற்றுக்கும். 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடைக்கு பிரிமிசஸ் லைசென்ஸ், உறுப்பினர் கழகத்துக்கு கிளப் சர்டிபிகேட். கழகத்தில் இருக்கும் போத்தல் எல்லா உறுப்பினருக்கும் பொதுச்சொத்து, ஆகவே உறுப்பினருக்கு ஊற்றிக் கொடுப்பது வியாபாரம் அல்ல என்பது சட்டத்தின் பார்வை. அதனால் பேர்சனல் லைசென்ஸ் (குடிவகை விற்கத் தனி ஆளுக்குக் கொடுக்கும் அனுமதி) உள்ள ஆள் தேவையில்லை, கடைக்குக் கொடுப்பதுபோல விற்பனைக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் பெயரும் கொடுக்கத் தேவையில்லை. இந்தச் சலுகை சும்மா வரவில்லை. குறைந்தது 25 உறுப்பினர் இருக்க வேண்டும். விண்ணப்பித்தவரை உடனே சேர்க்க முடியாது, இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும். குடிவகை வாங்குவதைத் தெரிவுசெய்யப்பட்ட குழு பார்க்க வேண்டும். அதில் எவரும் தனக்கென்று கொமிஷன் எடுக்கக் கூடாது.

அந்தக் கழகத்தின் விருந்தினர் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு சனிக்கிழமைப் பக்கம் முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனை. "மச்சான் ஆக்கள் 6", "இன்னும் 4 பேர்" என்று இருந்தது. அந்த 4 பேர் யார் என்று பாரில் நின்ற தம்பிக்கே தெரியவில்லை. பக்கத்துத் தெரு பப் மூடிய பிறகு அங்கே குடித்தவர்கள் எல்லாம் இங்கே வரத் தொடங்கியிருக்கிறார்கள். வாசலில் இரண்டு பவுண் வாங்கிக்கொண்டு "இன்று முதல் நீங்கள் உறுப்பினர்" என்று ஒரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர் அடுத்த நிமிடமே பாரில்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கார்ட் மெஷின். கழகத்தின் மெஷின் பழுதாகிவிட, குழுவில் ஒருவர் தன் கடை மெஷினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ரசீதில் கடையின் பெயர், காசும் கடைக் கணக்குக்கு. பிறகு அவர் கணக்குப் பார்த்துக் கழகத்துக்குக் கொடுப்பாராம். மனுஷன் ஒரு சதம் எடுத்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் இரைச்சல் என்று முறைப்பாடு போட்ட பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரசீதையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அவர் உறுப்பினரும் இல்லை, எவருடைய விருந்தினரும் இல்லை. சும்மா உள்ளே வந்து ஒரு பியர் வாங்கி, ரசீதைக் கேட்டெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்! ஒரே துண்டில் இரண்டு குற்றச்சாட்டு. வெளியாளுக்கு விற்றது ஒன்று, கழகத்தின் காசு வேறொருவர் கணக்குக்குப் போவது இன்னொன்று. கழகம் ஒழுங்காக, உண்மையான கழகமாக நடக்கிறதா என்று பார்க்கும்போது கணக்குப் புத்தகம் முக்கியமான சாட்சி.

ரிவியூவில் கவுன்சில் குழு நிபந்தனைகளை மாற்றலாம், குடிவகையை மட்டும் வெட்டிவிடலாம், மூன்று மாதம்வரை சர்டிபிகேட்டை நிறுத்திவைக்கலாம், ஒரேயடியாகப் பறிக்கவும் செய்யலாம். இவர்களுக்குச் சில வார நிறுத்தமும், விருந்தினர் விஷயத்தில் இறுக்கமான நிபந்தனைகளும் கிடைத்தன. 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அப்பீல் போயிருக்கலாம், போகவில்லை. கோடைகால மட்ச் சீசனில் பார் பூட்டு. கழகத்தின் வருமானமே அந்த மாதங்கள்தான்.

அது நிர்வாக நடவடிக்கை மட்டும். குற்ற வழக்கு தனி. உறுப்பினரும் இல்லாத, விருந்தினரும் இல்லாத ஆளுக்கு விற்றால் அது சர்டிபிகேட்டுக்கு வெளியே போய்விடும், அதே 2003 சட்டத்தின் 136 ஆம் பிரிவு வரும். ஆறு மாதம்வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். தண்டத்துக்கு முன்பு 20,000 பவுண் என்று உச்சவரம்பு இருந்தது, 2015 மார்ச்சில் அதையும் எடுத்துவிட்டார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்தப் பிரிவைப் பார்த்த பிறகுதான் தலைவருக்கு முகம் மாறியது. நல்லகாலம், எச்சரிக்கையோடு விட்டார்கள்.

பழைய செயலாளர்:

அண்ணை, செயலாளரின் பாட்டை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். கழகத்தின் பெயரையோ யாப்பையோ மாற்றினால் 28 நாளுக்குள் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் குற்றவாளி கழகம் இல்லை, செயலாளர். தண்டம் 500 பவுண்வரை. சர்டிபிகேட்டைக் கட்டிடத்தில் வைத்திருப்பதும் அதன் சுருக்கத்தைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டுவதும் அதே மாதிரிச் சமாச்சாரம்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்தினார்கள். சந்தா, குழுவின் எண்ணிக்கை, விருந்தினர் விதி எல்லாம் மாறின. அந்தத் திருத்தத்துக்கு மூன்று மணி நேரம் சண்டை. கதிரை தூக்காத குறை. கையொப்பம் வைத்துப் போட்டோவும் எடுத்தார்கள். கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட ஒருவருக்கும் நினைவில்லை. அடுத்த வருடம் வேறொரு விஷயத்துக்கு ஆய்வாளர் பழைய யாப்போடு வந்து நின்றபோது புதுச் செயலாளர் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாவம்.

ஆண்டுக் கட்டணமும் அப்படித்தான். கட்டாவிட்டால் சர்டிபிகேட் இடைநிறுத்தம். கட்டிடத்தின் மதிப்பைப் பொறுத்து 70 முதல் 350 பவுண். அந்தக் காசுக்கு முழு பாரையும் பணயம் வைத்த சங்கங்களும் உண்டு.

குறொய்டன் தம்பி:

ஒரு கேள்வி. விருந்தினர் காசு கொடுத்து வாங்கலாமா? எங்கள் கிளப்பில் உறுப்பினர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்புறம் பொலிஸ் நினைத்த நேரம் உள்ளே வர முடியுமா?

கடைக்காரன், ஹரோ:

தம்பி, சட்டப்படி ஓர் உறுப்பினரின் விருந்தினர் அங்கேயே குடிக்கத் தன் காசில் வாங்கலாம். உறுப்பினர்தான் வாங்க வேண்டும் என்பது உங்கள் கிளப்பின் சொந்த விதியாக இருக்கும், நல்ல விதிதான். வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு. அது உறுப்பினருக்கு மட்டும், அதுவும் மூடிய போத்தலில்.

பொலிஸ்: கடைக்குள் வருவதுபோலக் கிளப்புக்குள் வர முடியாது. போதைப்பொருள் விற்பனை, அல்லது அடிதடி வரப்போகிறது என்று நியாயமான காரணம் வேண்டும். ஆனால் வாசலில் துண்டு கொடுத்து ஊரையே உள்ளே விட்டால் நீங்கள் கிளப்பாகவே நடக்கவில்லை என்று வாதம் வரும். சர்டிபிகேட் போனால் இந்தப் பாதுகாப்பும் போகும்.

மண்டபத்து ஆள்:

வாடகை விஷயத்தை ஒருவரும் தொடவில்லையே! நம்மவர்கள் அதிகம் மாட்டுப்படுவது அங்கேதான்.

கிளப்பின் மண்டபத்தைக் கலியாணத்துக்கோ சாமத்திய வீட்டுக்கோ எடுத்தால் வருகிறவர்கள் உறுப்பினரின் விருந்தினர் இல்லை, வாடகைக்காரரின் ஆட்கள். கிளப் சர்டிபிகேட் அவர்களுக்குக் காசுக்கு விற்க உதவாது. கவுன்சிலுக்கு 21 பவுண் கட்டி டெம்பரரி ஈவென்ட் நோட்டிஸ் (தற்காலிக நிகழ்வு அறிவித்தல்) கொடுக்க வேண்டும், எல்லாரும் "டென்" என்பது அதைத்தான். குறைந்தது பத்து வேலைநாள் முந்தி. ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் மேளகாரர், வீடியோக்காரர், சாப்பாடு பரிமாறுகிறவர்கள் எல்லாரும் அடக்கம். நம் கலியாணத்தில் 499 என்பது மாப்பிள்ளை பகுதிக்கே காணாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கிளப்காரர் "எங்கள் சர்டிபிகேட்டே போதும்" என்று சொல்லியிருக்கிறார். யாரோ சந்தேகத்தில் விசாரிக்க, கடைசி நேரத்தில் லேட் நோட்டிஸ் போட்டார்கள். ஐந்து வேலைநாள் முந்திவரை அப்படிப் போடலாம். ஆனால் லேட் நோட்டிஸுக்குப் பொலிஸ் ஆட்சேபித்தால் விசாரணை ஒன்றும் இல்லை, அத்தோடு முடிந்தது. ஆட்சேபித்தார்கள், முடிந்தது. பெண்ணின் தாய்மாமன் அன்றிரவே முடிவெடுத்தார்: காசு வாங்கும் பார் வேண்டாம், எல்லாம் இலவசம். தனிப்பட்ட விருந்தில் சும்மா ஊற்றினால் அது விற்பனை இல்லை, லைசென்ஸ் தேவையில்லை. மாமாவுக்குப் பெரிய செலவு, ஆனால் சட்டத்துக்குள்.

பழைய மாணவர் சங்கத்து டின்னர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு "அப்போ நாங்களும் இலவசம் என்று போடுவோம்" என்று துள்ள வேண்டாம். டிக்கெட் விலைக்குள் ஒரு கிளாஸ் வைன் சேர்ந்திருந்தால் அது விற்பனை.

லெஸ்டர் பெரியவர்:

எங்கள் ஊரில் ஒரு பழைய தொழிலாளர் கிளப், நான் வேலை செய்த ஆலைக்குப் பக்கத்தில். வெள்ளைக்கார வயோதிபர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, உறுப்பினர் தொகை 25 க்குக் கீழே இறங்கிவிட்டது. இதில் மட்டும் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. சர்டிபிகேட்டை மீளப்பெறும் அறிவித்தல் வந்தாலும் மூன்று மாதம் தருவார்கள், அதற்குள் எண்ணிக்கை ஏறினால் தப்பலாம். என்னையும் என் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. எலுமிச்சம்பழ சோடா குடிக்கும் உறுப்பினர், வரவுப் புத்தகத்தில் ஒரு பெயர்.

கிரிக்கெட் அம்மா:

என் கவலை வேறு. 16 வயது மகன் இரண்டாவது அணியில் விளையாடுகிறான். மட்ச் முடிந்ததும் பெரியவர்கள் "ஒரு பியர் குடிக்கட்டும், கிளப்புக்குள் தானே" என்கிறார்கள். நான் தேடிப் படித்தேன். 18 க்குக் கீழே கொடுத்தால் கிளப்பே குற்றவாளி, ஊற்றிக் கொடுத்தவரும் தனியாகக் குற்றவாளி. தண்டத்துக்கு உச்சவரம்பு இல்லை. 16, 17 வயதுப் பிள்ளைகள் மேசைச் சாப்பாட்டோடு, பெரியவர் ஒருவர் கூட இருந்து வாங்கிக் கொடுத்தால் பியர், வைன், சைடர் குடிக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. மைதான ஓரத்தில் ஒரு பக்கெட் கிறிஸ்ப்ஸ் மேசைச் சாப்பாடு ஆகாது என்று கப்டனுக்கே சொல்லிவிட்டேன். முகத்தைச் சுழித்தார், சுழிக்கட்டும்.

குறொய்டன் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஆண்டுவிழாச் சீட்டிழுப்பில் முதல் பரிசு விஸ்கிப் போத்தல். அதுக்கும் நோட்டிஸ் போட வேணுமா?

மண்டபத்து ஆள்:

வேண்டாம். போத்தல் உடைக்காமல் மூடியபடி இருக்க வேண்டும், சீட்டுக் காசு எவருடைய சட்டைப் பைக்கும் போகக் கூடாது, அவ்வளவுதான். வென்றவர் அங்கேயே திறந்து மேசைக்கு மேசை ஊற்றத் தொடங்கினால் மட்டும் கையைப் பிடியுங்கள்.