புகைத்தலா, புகையூட்டலா, மூட்டமா? – வான்கோழி இழை

டாலஸிலிருந்து, செவ்வாய் இரவு

குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்காக ஒரு சமையல் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நவம்பர் நான்காம் வியாழன், நன்றியறிதல் நாள் விருந்துக்கு முழு வான்கோழியை வீட்டுக் கொல்லையில் மரப்புகையில் சமைப்பது எப்படி என்பது பொருள். தாத்தா பாட்டிகள் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் வீடுகள் இங்கே நிறைய. அன்று காலை அடுப்படியில் நிற்கப்போகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

தலைப்பிலேயே வழுக்கி விழுந்தேன். 'வான்கோழியைப் புகைப்பது எப்படி?' என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பீடி, சுருட்டு எல்லாம் பார்த்திருக்கிறேன். இத்தனை பெரியதை எந்தப் பக்கம் பற்றவைப்பது?" என்று கேட்டார்.

தேடியதில் புகையூட்டல், புகையிடல், புகைபோடுதல் என்று பல கிடைத்தன. செய்கைக்கும் கருவிக்கும் சமைத்து முடித்த பண்டத்துக்கும் ஒட்டிவரக்கூடிய ஒரு சொல் வேண்டும். 'ஸ்மோக் செய்தல்' என்றே எழுதிவிடலாம், பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் தாளின் கீழே என் பெயர் வருகிறதே!

முதுகுளத்தூரிலிருந்து, புதன் காலை

அம்மா, எங்கள் பக்கத்தில் ஒரு சொல் சும்மா கிடக்கிறது. மூட்டம்.

சீமைக் கருவேலத்தை வெட்டி, கட்டைகளை இடைவெளி விடாமல் அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, மண்ணைப் போட்டு மூடி, ஓரத்தில் ஒரு வாய் விட்டுத் தீ வைப்பார்கள். அதற்குக் கரிமூட்டம் என்று பெயர். உள்ளே தீ கொழுந்து விடாது. நாள்கணக்கில் கனிந்துகொண்டே இருக்கும். காற்று கூடினால் கட்டை சாம்பல். குறைந்தால் தீ அவிந்து, வேகாத கட்டைதான் மிஞ்சும். மூட்டக்காரர் புகையின் நிறத்தைப் பார்த்தே ஓர் இடத்தில் துளை போடுவார், இன்னோர் இடத்தில் அடைப்பார். இரவில் எழுந்து போய்ப் பார்ப்பதும் உண்டு. வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைப்பதையும் மூட்டம் போடுவது என்றுதான் சொல்கிறோம்.

மூடி வைத்து, காற்றைக் கட்டுப்படுத்தி, கனிந்த தீயில் காரியம் நடத்துவது. நீங்கள் புகையில் சமைக்கும் உங்கள் ஊர்ப் பெட்டியும் இதைத்தானே செய்கிறது? 'மூட்டம் போட்ட வான்கோழி' என்று எழுதுங்கள். அப்பாவுக்கும் புரியும்.

கோவையிலிருந்து, புதன் மாலை

புகையூட்டல் என்பதே போதும் என்பது என் கருத்து. ஊட்டுதல் என்றால் சோறு ஊட்டுவது மட்டும் அன்று. ஒன்றின் தன்மையை இன்னொன்றில் ஏற்றுவது. பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டினார்கள், கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினார்கள். மரத்தின் மணத்தை இறைச்சியில் ஏற்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை ஏது? மூட்டம் அழகான சொல்தான். ஆனால் நாளிதழ்கள் அதைப் பறித்துக்கொண்டுவிட்டன. குளிர்காலம் வந்தால் 'டெல்லியில் புகைமூட்டம்' என்றுதான் விடிகிறது.

பி.கு.: இந்தச் சாக்கில் வான்கோழியின் பெயரை மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். அமெரிக்கக் கண்டத்துப் பறவை அது. ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள். துருக்கியர் 'ஹிந்தி' என்கிறார்கள். டச்சுக்காரர்கள் கள்ளிக்கோட்டையின் பெயரை ஒட்டிக் 'கால்கூன்' என்றார்கள். கொஞ்சம் கிட்டே வந்தவர்கள் போர்த்துகீசியர். அவர்கள் வைத்த பெயர் 'பெரு'. ஊர்ப்பெயர் வம்பே இல்லாமல் தப்பித்தது நம் சொல்தான்.

ராலேயிலிருந்து, வியாழன் இரவு

கோவை ஐயாவுக்கு வணக்கத்துடன் ஒரு மறுப்பு.

கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டினார்கள், சரி. கூந்தல் வேகவில்லை. வான்கோழி வேக வேண்டும்.

வாதத்துக்காகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் ஆண்டு, புகை ஊட்டுகிறேன் என்ற நினைப்போடுதான் நானும் இறங்கினேன். புகை நிறைய வந்தால் போதும் என்று, 100 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடாத அடுப்பில் எட்டுக் கிலோப் பறவையை வைத்து, நீரில் ஊறவைத்த மரச்சில்லுகளை அள்ளி அள்ளிப் போட்டேன். அடுப்பிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை போனது. தெருவே மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வெளியே எடுத்தபோது மேல்தோல் மெருகேற்றிய தேக்குக் கதவு போல இருந்தது. தொடைச் சந்தில் கத்தியை இறக்கினேன். உள்ளே பச்சை. தோல் ரப்பர். வாயில் வைத்தால் புகைபோக்கியை நக்கியது போலக் கசப்பு. விருந்துக்கு வந்த பதினோரு பேரும் பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நடப்பது இரண்டு வேலை. சூடு வேகவைக்கிறது, புகை மணம் ஏற்றுகிறது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது வரும் குவாயகால், சிரிங்கால் போன்ற வேதிப்பொருள்கள்தான் அந்த மணத்துக்கும் சுவைக்கும் காரணம். அவை இறைச்சியின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை. உள்ளே போய் வேலை செய்வது சூடுதான். மார்பின் தடித்த பாகத்திலும் தொடையின் உட்புறத்திலும், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி (165 ஃபாரன்ஹீட்) காட்ட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு இது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் மளமளவென்று பெருகும். பறவை பெரிது, சூடு குறைவு என்றால், அந்த இடைவெளியிலேயே இறைச்சி நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். இப்போதெல்லாம் நான் 12 பவுண்டுக்கு, அதாவது ஐந்தரைக் கிலோவுக்கு, மேல் வாங்குவதில்லை. வயிற்றுக்குள் எதையும் அடைப்பதில்லை. அடுப்பை 135 டிகிரியில் நிறுத்துகிறேன். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வெந்துவிடும், தோலும் ஓரளவு மொறுமொறுப்பாக வரும்.

30 டிகிரிக்குக் கீழே புகையை மட்டும் காட்டுகிற முறை ஒன்றும் இருக்கிறது. சால்மன் மீனுக்கும் பாலாடைக்கட்டிக்கும் அப்படிச் செய்வார்கள். அங்கே எதுவும் வேகாது. அதற்குப் புகையூட்டல் என்ற பெயர் கச்சிதம். யாரும் கைவைக்க வேண்டாம். ஆனால் வான்கோழித் தாளில் அதே சொல்லைப் போட்டால், முதல் ஆண்டில் நான் செய்ததையே டாலஸ் தாத்தாவும் செய்வார்.

தமிழில் சமையல் வினைகள் ஊடகத்தைப் பார்த்துப் பிரிந்திருக்கின்றன. நீராவியில் அவிக்கிறோம், எண்ணெயில் பொரிக்கிறோம், வெறுஞ்சட்டியில் வறுக்கிறோம், தணலில் சுடுகிறோம், அனலில் வாட்டுகிறோம். புகைக்கான இடம் காலியாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது வேகுதல்தான். அரிசி நீரில் வேகிறது, வடை எண்ணெயில் வேகிறது, செங்கல் சூளையில் வேகிறது, ஆள் வெயிலில் வேகிறான். வான்கோழி புகையில் வேகட்டும். புகைவேக்காடு. வினையாக வேண்டும்போது 'புகையில் வேகவை'.

கருவிக்குப் புகையடுப்பு. சிரிக்காதீர்கள். புகையில்லா அடுப்பு வாங்கச் சொல்லி நம் ஊரில் எத்தனை ஆண்டு பிரசாரம் செய்தார்கள்! அந்தப் பிள்ளைகள்தான் இங்கே வந்து, நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்துப் புகையடுப்பு வாங்குகிறோம்.

முதுகுளத்தூர் அண்ணனின் மூட்டத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர் சொன்ன மூட்டக்காரரின் கண்தான் இந்த வேலையில் பாதி. காற்று போதாமல் கட்டை புழுங்கினால் அடர்ந்த வெண்புகை வரும். அதுதான் கசப்பு. தீ சரியாகப் பிடித்துக் காற்று சீராக ஓடினால், புகை மெலிந்து நீலம் பாரிக்கும், சில நேரம் கண்ணுக்கே தெரியாது. அப்போதுதான் பறவையை வைக்க வேண்டும். தீயை இப்படிப் பக்குவத்தில் நிறுத்துவதை 'மூட்டம் பிடித்தல்' என்று சொல்லலாம். 'மூட்டம் பிடிக்கும் முன் பறவையை வைக்காதீர்கள்' என்று ஒரு வரி, கட்டாயம் போடுங்கள் அக்கா.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் டெக்சஸில் மெஸ்கீட் கட்டை மலிவு. டாலஸை ஒட்டி அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி. மாட்டிறைச்சிக்கு ஈடுகொடுக்கும், கோழி வகைக்கு முரட்டுப் புகை. ஆப்பிள் அல்லது செர்ரிக் கட்டை, கைமுட்டி அளவில் இரண்டு மூன்று, கரித்தணலின் மேல் வைத்தால் போதும்.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புநீரில் மூழ்கவைப்பது ஊறல். உலர்ந்த உப்பைத் தடவி வைப்பதற்கு நம் அடுப்படியில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, பிசிறல். கோழிக்கு மஞ்சளும் உப்பும் பிசிறி வைக்காத வீடு உண்டா? ஐந்தரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பரல் உப்பு, முந்தைய நாளே பிசிறி, குளிர்பெட்டியில் மூடாமல் வைக்க வேண்டும். (கடையிலேயே உப்புநீர் ஏற்றிய பறவை என்று உறையில் போட்டிருந்தால் உப்பே வேண்டாம்.) மறுநாள் தோல் உலர்ந்து, தொட்டால் லேசாக ஒட்டும், புகை அதில் நன்றாகப் பிடிக்கும். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படர்வதை ஏடு என்கிறோமே, அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வெட்டும்போது தோலுக்குக் கீழே தெரியும் இளஞ்சிவப்புப் பட்டை. புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வருவது. இதைப் 'புகைவளையம்' என்று மொழிபெயர்த்தால் மறுபடியும் அப்பாவின் சுருட்டுக்கே போய்விடுவோம். செவ்வரி என்று வையுங்கள். கண்ணில் ஓடுவது போல இறைச்சியிலும் ஓடட்டும். '74 டிகிரி காட்டிவிட்டால், செவ்வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்' என்று சேர்த்து எழுதுங்கள். என் வீட்டில் வேகவில்லை என்று நினைத்துத் தட்டை நகர்த்தி வைத்தவர்கள் உண்டு.

டொராண்டோவிலிருந்து, வெள்ளி காலை

எங்களுக்கு இந்த விருந்து அக்டோபர் இரண்டாம் திங்களே முடிந்துவிட்டது. ஆகவே பசி இல்லாமல் எழுதுகிறேன்.

ராலேத் தம்பியின் பிரிவினை சரி என்பதற்கு எங்கள் வீட்டு மாசியே சாட்சி. சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசிக் கருவாடு எப்படி வருகிறது? சூரை மீனை முதலில் அவிக்கிறார்கள், பிறகு புகை காட்டுகிறார்கள், பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். வேகவைப்பது வேறு கட்டம், புகை வேறு கட்டம். அங்கே புகையூட்டல் என்று எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. வான்கோழியில் இரண்டும் ஒரே மூடிக்குள் நடக்கின்றன. எனவே தனிச் சொல் வேண்டும்தான்.

ஆனால் வேக்காடு என்றால் என் காதில் 'அரைவேக்காடு' என்றே விழுகிறது. வசைச்சொல்லை விருந்துக்குக் கூப்பிட வேண்டுமா?

ராலேயிலிருந்து, வெள்ளி மதியம்

அரை என்று ஒன்று இருப்பதால்தானே முழு என்று ஒன்று இருக்கிறது, அக்கா! என் முதல் ஆண்டுப் பறவைக்கு அந்த வசை அப்படியே பொருந்தும்.

கோவையிலிருந்து, வெள்ளி இரவு

'கூந்தல் வேகவில்லை' என்ற வரிக்குப் பிறகு எனக்குப் பேச்சில்லை. வேக்காட்டின் இலக்கணம் மட்டும் சொல்லிவிடுகிறேன். வீடு, வீட்டுச் சோறு ஆவது போல, வேக்காடு வேக்காட்டு என்று இரட்டித்து நிற்கும். புகைவேக்காட்டு வான்கோழி, புகைவேக்காட்டு மீன். பெயரடைக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. புகையூட்டலைச் சால்மனுக்கு விட்டுக்கொடுக்கிறேன். செவ்வரிக்கு மட்டும் தம்பிக்கு ஒரு சபாஷ்.

டாலஸிலிருந்து, ஞாயிறு காலை

அனைவருக்கும் நன்றி. தாள் தயார். தலைப்பு 'புகைவேக்காட்டு வான்கோழி'. பிசிறல், ஏடு, செவ்வரி மூன்றும் விளக்கமில்லாமலே உள்ளே உட்கார்ந்துகொண்டன. மூட்டம் பிடித்தலுக்கு மட்டும் ஒரு வரி விளக்கம் தந்திருக்கிறேன். கரிமூட்டம் பார்க்காத ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். உறைந்த பறவை குளிர்பெட்டியில் இளக மூன்று நாள் ஆகும், பிசிறலுக்கு இன்னும் ஒரு நாள். அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

நேற்று மாலை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

"சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றார்.

"இரண்டு மணிக்கு அப்பா."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்படியென்றால் எட்டு மணிக்குத் தீ வைக்க வேண்டும். என்னை ஏழு மணிக்கு எழுப்பிவிடு. மூட்டம் நான் பிடிக்கிறேன்."