புதுப்பிப்பு: மனச்சிதைவு மருந்தோடு அமுக்கராவும் சேர்க்கலாமா?

மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடும் என் சித்தப்பாவுக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் தாராளமாகக் கொடுங்கள் என்றீர்கள், மீதிப் பேர் தொடவே கூடாது என்றீர்கள். இப்போது விவரம் கொஞ்சம் தெளிவாகியிருக்கிறது.

ஆதாரம் இல்லாமல் இல்லை. 2018-ல் வெளியான அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வில், மனச்சிதைவு அறிகுறிகள் கூடியிருந்த 68 பேர் வழக்கமான மருந்தைத் தொடர்ந்தபடியே கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் அமுக்கராச் சாறு, மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரை. மொத்தம் 12 வாரம். ஒதுங்கிப்போவது, ஆர்வமின்மை, மன அழுத்தம் இவை அமுக்கரா பிரிவில் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் குரல் கேட்பது, வீண் சந்தேகம் ஆகியவற்றில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 68 பேர் என்பது சின்ன ஆய்வுதான்.

அப்புறம், அங்கே கொடுத்தது வேர், இலையிலிருந்து எடுத்த, அளவு நிர்ணயித்த சாறு. நம் கடைச் சூரணத்தில் மிளகு, திப்பிலி எல்லாம் சேரும். மிளகிலுள்ள பைப்பரின் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டக்கூடியது.

மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையைச் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். க்வெட்டியபின், குளோசபின் போன்ற மனச்சிதைவு மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் இறக்கிவிடும், நோய் திரும்பலாம்.

அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், அபூர்வமாகக் கல்லீரலையும் பாதிக்கலாம் என்பதால் டாக்டர் அந்த இரண்டு பரிசோதனைகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வரும்வரை சூரண டப்பா பிரிக்காமலே இருக்கும். மாத்திரை வழக்கம்போல.