ஜூக் பாக்ஸ் ஜூரி: பாட்டுக்குத் தீர்ப்பு சொன்ன பிபிசி நிகழ்ச்சி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பவாங்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா சிங்கப்பூர் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் ஊரைக் காலி செய்தபோது அவருடைய அதிகாரி வீட்டில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம், அதனால் போன வாரம்தான் பெட்டியைத் திறந்தேன். பச்சை லேபிள் ஒட்டிய கொலம்பியா கம்பெனியின் 45 (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டு) ஒன்று, வாசித்த குழு ஜான் பேரி செவன் பிளஸ் ஃபோர், பாட்டின் பெயர் 'ஹிட் அண்ட் மிஸ்'. உறையின் மூலையில் யாரோ நீல மையில் ஆங்கிலத்தில் 'சனிக்கிழமை' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஜூக் பாக்ஸ் ஜூரி என்ற பிபிசி நிகழ்ச்சியின் முகப்பு இசையாம். நடிகர்களும் பாடகர்களும் உட்கார்ந்து புதுப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுத் தேறும், தேறாது என்று சொல்வார்களாம். இதை அங்கே ஏன் அவ்வளவு பேர் பார்த்தார்கள்? ஒருத்தர் பாட்டுக் கேட்பதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அந்தச் சனிக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழைய_ஊசி:

உண்டு அக்கா, நேரடியாகவே உண்டு. நிகழ்ச்சி 1959 ஜூனில் தொடங்கியது, சில மாதத்திலேயே சனிக்கிழமை மாலைக்கு வந்துவிட்டது, 1967 கடைசி வரை ஓடியது. நடத்தியவர் டேவிட் ஜேக்கப்ஸ், குரலிலேயே கோட்டும் டையும் போட்டிருப்பார் என்று சொல்லலாம், அவ்வளவு மரியாதையான ஆள். நாலு பிரபலங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜூக் பாக்ஸில், அதாவது காசு போட்டால் தட்டு பாடும் பெட்டியில், புதுத் தட்டு ஒன்று சுழலும், கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்பார். பெரும்பான்மை ஹிட் என்றால் மணி அடிப்பார், மிஸ் என்றால் ஹாரன் மாதிரி ஒரு சத்தம். இரண்டுக்கு இரண்டு என்று நின்றுவிட்டால் பார்வையாளர்களில் மூன்று பேர் முடிவு செய்வார்கள்.

ஒருத்தர் பாட்டுக் கேட்பதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதில்தான் எல்லாமே இருந்தது. பாட்டு ஓடும்போது பாடகரைக் காட்ட மாட்டார்கள், பாடகர் அங்கே இல்லை, வெறும் தட்டுதான். அதனால் கேமரா கேட்பவர்களின் முகத்தில்தான் நிற்கும். ஒருவர் விரலால் தாளம் போடுவார், இன்னொருவர் புருவத்தைத் தூக்குவார், வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன சொல்லப்போகிறார் என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நல்ல சபாவில் கச்சேரி கேட்கும்போது நான் பாதி நேரம் பக்கத்து வரிசைப் பெரியவரின் தலையாட்டலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த மெட்டைப் பற்றியும் ஒன்று. ஜான் பேரிதான் பிறகு ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்தவர். அவர் குழுவில் கிட்டார் வாசித்த விக் ஃபிளிக்தான் 1962ல் பாண்ட் முகப்பு இசையின் அந்தக் கிட்டாரையும் வாசித்தார். உங்கள் தட்டில் பிளஸ் ஃபோர் என்பது கூடுதலாகச் சேர்த்த தந்தி வாத்தியக்காரர்கள், வில் போடாமல் நரம்பை விரலால் சுண்டி வாசிப்பது நன்றாகக் கேட்கும்.

தேக்கா_பையன்:

எனக்கு இந்த மாதிரி நிகழ்ச்சி மேல் மரியாதையே இல்லை, மன்னிக்கணும். பாடியவன் மாதக்கணக்கில் உழைத்திருப்பான், நாலு பேர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு ஹாரன் அடிப்பதா? அதில் பாதிப் பேர் இசைக்காரர்கள்கூட இல்லை, நடிகர், நகைச்சுவைக்காரர் என்று யார் வேண்டுமானாலும். இதைவிடக் கொடுமை, சில வாரங்களில் பாடியவரையே திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பார்கள், அது நடுவர்களுக்குத் தெரியாது. திட்டி முடித்த பிறகு அவர் வெளியே வந்து கை குலுக்குவார். நம்ம ஊர்ப் பாட்டுப் போட்டியில் நடுவர் என்ன சொன்னாலும் பாடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அங்கே ஆள் இல்லை என்று நினைத்துப் பேச வைத்தது தப்பு.

பழைய_ஊசி:

தம்பி, திரை விஷயத்தில் உன்னோடு ஒத்துப்போகிறேன். பீட்டில்ஸ் நாலு பேரும் நடுவர்களாக வந்த நிகழ்ச்சியிலும் அது நடந்தது. 1963 டிசம்பர் 7, லிவர்பூல் எம்பயர் அரங்கில் அவர்கள் ரசிகர் மன்றத்தினர் முன்னால் பதிவு செய்தது. ஆர்லன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டுக்கு மிஸ் போட்டுவிட்டார்கள், பார்த்தால் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அதே நாளில் பாபி விண்டனின் பாட்டு ஒன்றையும் கேட்டார்கள், அது அடுத்த மாதம் அமெரிக்காவில் நம்பர் ஒன். அதை அந்த இடத்திலிருந்து இறக்கியது 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் பாட்டேதான்.

ஆனால் இசை படிக்காதவர் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. தட்டை வாங்கப்போவது யார்? சம்பளக் காசில் வாங்குகிற சாதாரணப் பிள்ளைகள். போட்டி சேனலில் தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ் என்று ஒன்று இருந்தது, அதில் இளைஞர்களையே கூப்பிட்டு மார்க் போடச் சொன்னார்கள். ஜேனிஸ் நிக்கோல்ஸ் என்ற பதின்வயதுப் பெண், இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கத்து வட்டாரப் பேச்சு மாறாமல் 'அஞ்சு மார்க் கொடுப்பேன்' என்று சொன்னது நாடு முழுக்கப் பரவி, கடைசியில் அந்தப் பெண்ணே 1963ல் ஒரு தட்டு போட்டாள். லண்டன் உச்சரிப்புதான் உச்சரிப்பு என்றிருந்த காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

மூணாம்_மாடி:

என் வயது 74. பழைய_ஊசி சொல்வதெல்லாம் சரி, ஆனால் இங்கே நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தொலைக்காட்சியே 1963 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு ரெடிஃபியூஷன் பெட்டி (கம்பி வழியாக வரும் வானொலி), அதுவும் இல்லாதவர்கள் கோப்பிக்கடையில் நின்று கேட்பார்கள். 1961ல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் இங்கே ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் வாசித்துவிட்டுப் போன பிறகு எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) கிட்டார் இல்லாத தெருவே கிடையாது.

1964ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஜூக் பாக்ஸ் ஜூரிக்கு நடுவர்களாகப் போனார்கள், அவர்கள் ஐந்து பேர் என்பதால் நாற்காலியையே ஐந்தாக்கினார்கள். அவர்கள் பேசிய தோரணை சரியில்லை என்று பத்திரிகைகள் கிழித்தன. அடுத்த பிப்ரவரியில் அதே ஆட்கள் இங்கே கில்மார்ட் ரோடு பூப்பந்து அரங்கத்தில் வந்து வாசித்தார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நான் வெளியே நின்றிருந்தேன்.

செம்பவாங்_வாசி, பிபிசி அந்தக் காலத்தில் ஒளிநாடாவை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியதால் அந்த நிகழ்ச்சியில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். பீட்டில்ஸ் வந்த நிகழ்ச்சிக்கே படம் இல்லை, யாரோ வீட்டில் பதிந்த ஒலி மட்டும்தான். தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செம்பவாங்_வாசி:

போட மாட்டேன் அங்கிள். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி தங்கச்சி வீட்டு பிளேயரில் போட்டுக் கேட்டோம். சுண்டுகிற அந்த நரம்புச் சத்தம் அப்படியே இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது உங்கப்பா சைக்கிள் துடைக்கும்போது விசிலடிக்கிறதாச்சே" என்றார். இத்தனை வருஷமாக அது ஏதோ எம்ஜிஆர் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நடுவில் ஓரிடத்தில் ஊசி குதிக்கிறது, சோப்புத் தண்ணீரில் கழுவினால் சரியாகுமா, இல்லை கீறலா என்று எப்படிப் பார்ப்பது?